சாமந்தியும் கெமோமிலும் ஒன்றா?

கேள்வி: ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மகன், இரவில் குடித்தால் நல்ல உறக்கம் வரும் என்று கெமோமில் தேநீர் வாங்கி வந்தான். அது நம் சாமந்திதான் என்கிறார்கள். மாலைக்கு வாங்கும் பூவையே காயவைத்துப் பயன்படுத்தலாமா? இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் என் கணவருக்கும் கொடுக்கலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: மாலைக்கு வாங்கும் பூவைத் தயவுசெய்து குடிநீருக்குப் பயன்படுத்தாதீர்கள், அம்மா. அது பூச்சிமருந்து தெளித்து வளர்க்கப்படுவது; குடிப்பதற்கென்று பயிரிடப்படுவதன்று. கெமோமிலைச் சீமைச் சாமந்தி என்று அழைத்தாலும், இரண்டும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த வெவ்வேறு செடிகளே.

உங்கள் பொட்டலத்தில் முழுப் பூக்கள் இருந்தால், ஒன்றை எடுத்து அதன் மஞ்சள் குமிழை நெடுக்காகக் கீறிப் பாருங்கள். உள்ளே வெற்றிடமாக இருந்தால் அது ஜெர்மன் கெமோமில். வெந்நீர் பட்டதும் ஆப்பிள் வாசனை எழும். கிரேக்கர்கள் அதற்கு இட்ட பெயரே 'தரை ஆப்பிள்' என்று பொருள்படும். ஸ்பெயினில் இன்றும் 'குட்டி ஆப்பிள்' என்ற பொருளில் மன்சனியா என்கிறார்கள். நம் நாட்டு யுனானி மருத்துவர்கள் இதைப் பாபூனா என்ற பெயரில் நெடுங்காலமாக அறிவார்கள். அதன் தைலத்தை மூட்டுவலிக்குத் தேய்க்கத் தருவதுண்டு.

ஜெர்மானிய வீடுகளில் இது முதன்மையாக வயிற்றுக்கான மருந்து. குழந்தைக்கு வயிறு வலித்தால் தேநீர், சளி பிடித்தால் ஆவி, வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்கும் நீர் என்று தலைமுறைகளாகப் பயன்படுத்துகிறார்கள். மூலிகைகளை ஆராய அந்நாட்டு அரசு அமைத்த 'கமிஷன் ஈ' குழுவும் 1984-இல் வயிற்றுப் பிடிப்பு, குடல் அழற்சி, தோல் மற்றும் வாய் அழற்சி ஆகியவற்றுக்கே இதை ஏற்றது; உறக்கம் அப்பட்டியலில் இல்லை. ஆகவே, இளஞ்சூட்டில் குடித்தால் மனம் அமைதியடையலாம் என்ற அளவில் எதிர்பார்த்தால் போதும். கொதிநீரை ஊற்றி, நறுமண எண்ணெய் ஆவியோடு போய்விடாதபடி மூடி, 5 முதல் 10 நிமிடம் ஊறவிட்டு வடிகட்டுங்கள்.

உங்கள் கணவருக்கு மட்டும் கொடுக்கவே வேண்டாம். வார்ஃபரின் சாப்பிட்டுவந்த 70 வயதுப் பெண்மணி ஒருவர், கெமோமில் தேநீரையும் உடலில் பூசும் கெமோமில் லோஷனையும் பயன்படுத்திய பின் உள்ளுறுப்பு இரத்தக்கசிவுக்கு ஆளானதாக 2006-இல் கனடிய மருத்துவ இதழ் ஒன்றில் பதிவாகியிருக்கிறது. ஏற்கெனவே குடிக்கத் தொடங்கியிருந்தால், உடனே நிறுத்திவிட்டு அவருடைய மருத்துவரிடம் சொல்லுங்கள். சாமந்திப் பூவைத் தொட்டால் உங்களுக்குத் தும்மலோ அரிப்போ வரும் என்றால், நீங்களும் இதைக் குடிக்காதீர்கள்.