கேஸ் அப்புறம், முதலில் படங்களை இறக்குங்கள்

திருமங்கலத்தில் ஸ்டுடியோ நடத்தும் வாசகர் கேட்கிறார்: இணையத்தில் படங்களைச் சேமித்து வைக்கும் ஒரு நிறுவனத்துக்கு மூன்று வருடச் சந்தா 18,000 ரூபாயை மொத்தமாகக் கட்டினேன். படங்களுக்கு அளவே இல்லை என்றார்கள். 14 மாதம் பாக்கி இருக்கும்போது விதியை மாற்றிவிட்டு, 5,000 படத்துக்கு மேல் உள்ளதை 45 நாளில் அழித்துவிடுவோம் என்று மெயில் அனுப்புகிறார்கள். என்னிடம் இரண்டு லட்சம் கல்யாண, காதுகுத்துப் படங்கள் இருக்கின்றன. இத்தனை வருடம் நம்பி இருந்தவனுக்கு இதுதான் மரியாதையா? மதுரை ஒத்தக்கடை ஐகோர்ட்டில் ரிட் போடலாமா?

ரிட் என்பது பெரும்பாலும் அரசு அமைப்புகளின் மேல் போடும் மனு. தனியார் நிறுவனத்தின் மேல் இதற்கு ரிட் நிற்காது. நீங்கள் போக வேண்டியது நுகர்வோர் ஆணையத்துக்கு. நம்பிக்கை, மரியாதை எதையும் மனுவில் எழுத வேண்டாம். காசு வாங்கிய காலம் முடியும் முன்பே விதியை மாற்றினார்கள் என்ற ஒரு வரிதான் உங்கள் கேஸ். புதுப்பிக்கும்போது மாற்றியிருந்தால் கேஸே இல்லை. இலவசக் கணக்கானாலும் இல்லை. நுகர்வோர் சட்டத்தில் காசில்லாமல் தருவது ‘சேவை’ ஆகாது. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் அளவில்லா இலவச இடத்தை நிறுத்தியபோதும் இதே நிலைதான்.

வெளிநாட்டுக் கோர்ட்டில்தான் கேஸ் போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நியாயமற்ற ஒப்பந்தம் என்று போனால் மட்டும் மாநில ஆணையம். ஆனால் தொழிலுக்கு வாங்கிய சேவை, நீங்கள் நுகர்வோரே இல்லை என்றுதான் எதிர்த்தரப்பு ஆரம்பிக்கும்.

எனக்குக் கவலை வேறு. மேலூர்ப் பக்கம் ஒரு ஸ்டுடியோக்காரர், கேஸ் போட்டாச்சு, இனி படத்தில் கை வைக்க மாட்டார்கள் என்று இருந்துவிட்டார். இடைக்காலத் தடை வாங்காதவரை கேஸ் எதையும் நிறுத்தாது. நோட்டீஸ் எதிர்த்தரப்பின் கைக்குப் போய்ச் சேரவே மாதங்கள் போய்விட்டன. அதற்குள் கெடு முடிந்து படங்கள் அழிந்தன. அப்புறம், அப்பாவைப் பறிகொடுத்த ஒரு பெண் தன் கல்யாணப் படங்களைக் கேட்டு வந்தார். இருந்ததோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய சின்னப் பிரதிதான். பெரிதாக்கினால் தாரை வார்க்கும் அப்பாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஸ்டுடியோக்காரரோ தன் பில்லின் அடியில் ‘ஆன்லைன் ஆல்பம் வாழ்நாள் முழுக்க’ என்று அச்சடித்திருந்தார். அந்தப் பில்லை இணைத்தே அவருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது.

உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். அப்படி ஒரு வரி இருந்தால் இனி அச்சடிக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்த வாக்கு உங்கள் தலையில்தான். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் பதிப்புரிமையும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957 சட்டப்படி எடுக்கச் சொன்னவருக்கே. நீங்கள் ஊரார் பொருளை வைத்திருக்கிறீர்கள்.

படத்துக்கு 8 எம்பி என்றாலும் மொத்தம் 1.6 டெராபைட். 50 எம்பிபிஎஸ் இணைப்பு விடாமல் ஓடினாலே மூன்று நாள் ஆகும். கரண்ட் போகும், இடையில் அறுந்துபோகும். இன்றைக்கே ஆரம்பியுங்கள். அசல் அளவிலேயே இறக்கி, இரண்டு ஹார்டு டிஸ்க்கில் போட்டு, திறந்து பாருங்கள். இறக்கிக்கொண்டால் கேஸ் பலவீனமாகாது. பழைய விதிப் பக்கம், ரசீது, மெயில் மூன்றையும் சேமித்து வையுங்கள்.

பாக்கி 14 மாதத்துக்குக் கணக்குப் போட்டால் வருவது 7,000 ரூபாய். அதற்காக வருடக்கணக்கில் அலைய வேண்டாம், சமரசமாகப் போங்கள். 7,000 ரூபாயைத் திருப்பித் தந்து, கெடுவை 90 நாள் தள்ளிவைக்கும்படி அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். சம்மதித்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் கடைசிப் படமும் டிஸ்க்கில் ஏறும்வரை ‘இனி பாத்தியதை எதுவும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.