கோத்தகிரியில் விற்பனைக்கு வந்திருக்கும், அதிகம் வாசிக்கப்படாத ஈட்டிமரக் கிட்டாரை வாங்கலாமா?

கழுத்தை ஒட்டிய தோள் சரிந்த வடிவம், ரோஸ்வுட் எனப்படும் ஈட்டிமரத்தாலான முதுகும் பக்கங்களும், 'அதிகம் வாசிக்காதது, புதிது போலவே இருக்கிறது' என்ற விற்பவரின் வாக்குறுதி: இவற்றைச் சொல்லி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அண்மையில்தான் சமவெளியிலிருந்து மலைக்கு வந்தவர் என்று ஊகிக்கிறேன், தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். சமவெளியில் 'அதிகம் வாசிக்காதது' என்றால் தேய்மானம் இல்லை என்று பொருள். நீலகிரியில் அதற்கு, இரண்டு மூன்று மழைக்காலங்களாகப் பீரோவுக்குப் பின்னால் ஈரச் சுவரோடு சாய்ந்து நின்றது என்று பொருள்.

நான் குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுபவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடகர் குழுவில் வாசிப்பதைத் தவிர வேறு இசைத் தகுதி எனக்கு இல்லை. ஆகவே 'நீ யார் சொல்வதற்கு?' என்று கேட்க நினைப்பவர்கள் கேட்டதாகவே வைத்துக்கொள்ளலாம். சில ஆண்டுகளுக்கு முன், ஓய்வு பெற்றுக் கோவைக்குக் குடிபோய்க்கொண்டிருந்த எஸ்டேட் அதிகாரி ஒருவரிடம் இதே வடிவத்தில், இதே மரத்தில் ஒரு கிட்டார் வாங்கினேன். "நாலு பாட்டுக்கு மேல வாசிச்சதில்ல தம்பி, பெட்டிய விட்டு எடுத்ததே அபூர்வம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்ததும் எழுந்த பூசண வாடையைப் பழைய மரத்தின் மணம் என்று நான்தான் மயங்கினேன்.

அது ஆகஸ்ட் மாதம். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃபிரெட்டுகளில் பன்னிரண்டாவதில், தடித்த கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் போதும். என்னுடையதில் நான்குக்கு மேல் இருந்தது. கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் என்ற மரக்கட்டைக்குப் பின்னால் மேற்பலகை உப்பியிருந்தது. கோவையில் பழுது பார்ப்பவர், மரம் ஈரத்தைக் குடித்திருக்கிறது, உலர்வாக வையுங்கள் என்றார். (அந்தப் பேருந்துப் பயணத்தில் நடத்துநர் கிட்டாருக்குத் தனி டிக்கெட் கிழித்ததும், அதற்கு இருக்கை தராமல் என் மடியிலேயே வைக்கச் சொன்னதும் இன்னும் ஆறாத கோபம்.)

உலர்வு என்ற சொல்லை நான் அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டேன். கம்பளிக் கோட்டில் பூசணம் பிடிக்காமலிருக்க இங்கே பல வீடுகளில் அலமாரிக்குள் பல்பு எரியவிடுவது வழக்கம். அதே அலமாரியில், அறுபது வாட் பல்புக்கு அருகிலேயே கிட்டாரைத் தொங்கவிட்டேன். மழைக்காலம் முழுவதும் அது நன்மையே செய்தது. கம்பிகள் இறங்கின, ஒலி திறந்தது, என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன். பிறகு மழை நின்று, உறைபனி விழும் ஜனவரியும் காற்று வறளும் பிப்ரவரியும் வந்தபோது பல்பை அணைக்க எனக்குத் தோன்றவில்லை. ஓர் இரவு, காய்ந்த சுள்ளி முறிவதைப் போன்ற ஓசை கேட்டது. பிரிட்ஜிலிருந்து அடிவிளிம்பை நோக்கி, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் ஸ்ப்ரூஸ் என்ற மரத்தாலான மேற்பலகை பிளந்திருந்தது. மரம் இழைக்குக் குறுக்கேதான் ஊதுகிறது, குறுக்கேதான் சுருங்குகிறது. கம்பிகளோ ஏறத்தாழ எழுபது கிலோ விசையுடன் ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. அறையின் ஈரப்பதத்தை 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைத்தால் இரண்டு ஆபத்தும் இல்லை என்பதையும், அதை அளக்கும் சிறு கருவி ஒரு செட் கம்பியின் விலைக்கே கிடைக்கும் என்பதையும் பிளந்த பிறகு படித்தேன். 'மலைக் குளிர் கிட்டாருக்கு நல்லது' என்று எழுதும் அன்பர்கள் குளிரையும் ஈரத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

வடிவத்துக்காக விலையை ஏற்றினால் ஏமாறாதீர்கள். தோள் சரிந்த உடலுக்குப் பெயர்பெற்ற கிப்சன் ஜே-45, 1942-இல் வந்தபோது முதுகும் பக்கங்களும் மகோகனியே. ஈட்டிமரத்தில் அதே தோள் வேண்டுமென்றால், அந்நிறுவனமே 1936-இல் கொண்டுவந்த அட்வான்ஸ்டு ஜம்போ முன்னோடி. அபூர்வச் சேர்க்கைதான், ஆனால் இன்று பல நிறுவனங்கள் அதைச் செய்கின்றன, பலவற்றில் ஈட்டி வெறும் மேலொட்டு. முதுகின் வெளிப்புற இழைக்கோடுகளையும், ஒலித்துளை வழியே தெரியும் உட்புறக் கோடுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சிறிதும் ஒத்துவராவிட்டால் அது ஒட்டுப்பலகை. மழையைத் தாங்குவதில் ஒட்டுப்பலகை ஒருபடி மேல் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். கூடலூர்ப் பக்கம் வளரும் மரம்தானே, வாங்கினால் வனத்துறை பிடிக்குமா என்று என் மைத்துனரைப் போல நீங்களும் அஞ்ச வேண்டாம். கட்டுப்பாடு மரத்துக்குத்தான், செய்து முடித்த கிட்டாருக்கு அல்ல. வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதில்கூட, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையில் 2017-இல் வந்த கெடுபிடியிலிருந்து முழுமையடைந்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்துவிட்டது.

என் கிட்டாரைப் பின்னர் விற்க முயன்றேன். பிளவை ஒட்டியதை மறைக்காமல் சொன்னதற்குப் பரிசாக, ஊட்டியிலிருந்து வந்த ஒருவர் இரண்டு மணி நேரம் வாசித்து, இரண்டு முறை தேநீரும் குடித்து, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர்தான். ஆகவே அது இன்றும் என்னிடமே இருக்கிறது, பல்பு இல்லை.

நீங்கள் பார்க்கப் போகும்போது வாசிப்பதற்கு முன் பெட்டிக்குள் முகர்ந்து பாருங்கள். பிறகு ஒரு மெல்லிய தாளைப் பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். தாள் உள்ளே போனால் பிரிட்ஜ் பெயரத் தொடங்கிவிட்டது என்று பொருள், விலை பேசாமல் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.