துக்கத்துக்கு யாரும் அழைக்க மாட்டார்கள்

கேள்வி: என் கணவர் அரசுப் பள்ளி ஆசிரியர். நாகர்கோவில் பக்கமிருந்து வந்து, கானாடுகாத்தானுக்கு அருகே ஒரு சின்ன ஊரில் ஒன்பது மாதமாகக் குடியிருக்கிறோம். இரண்டு வயதில் ஒரு குழந்தை. நாங்கள் கிறிஸ்தவர்கள். இங்கே எல்லாமே கோயிலைச் சுற்றித்தான் நடக்கிறது. அக்கம்பக்கத்தார் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வருகிறார்கள். நான் மரியாதையாக இருக்கட்டும் என்று போன் செய்துவிட்டுப் போனால், ஏனோ ஒட்டாமல் பேசுகிறார்கள். ஒரு பெரிய வீட்டில் என்னை முகப்போடு உட்கார வைத்து அனுப்பிவிட்டார்கள். விபூதி கொடுத்தால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. போன மாதம் பக்கத்து வீட்டு ஆச்சியின் தம்பி கோவையில் இறந்துவிட்டார். ஊரே போய் விசாரித்தது. எங்களுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. வேறு மதம் என்ற தயக்கம் வேறு. போகாமலே இருந்துவிட்டேன். இப்போது ஆச்சி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஆச்சி விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். இதைப் படித்த அன்றோ மறுநாளோ அந்த வீட்டுக்குப் போய்விடுங்கள்.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் நல்லதுக்கும் கெட்டதுக்கும் வழி வேறு வேறு. கல்யாணம், சாந்தி எனும் அறுபதாம் கல்யாணம், புதுமனை என்றால் வீடு தேடி வந்து அழைப்பார்கள். அழைக்காமல் போவது முறையில்லை. சாவுக்கு அழைப்பே கிடையாது. காதில் விழுந்ததும் கிளம்ப வேண்டியதுதான். உங்களுக்குச் சொல்லி அனுப்பாதது ஒதுக்கியதால் இல்லை. ஒரே சுவர் வைத்த வீடு, அழுகைச் சத்தமே கேட்டிருக்கும், தனியாக என்ன சொல்வது என்று இருந்திருப்பார்கள். கேட்டும் வரவில்லையே என்பதுதான் ஆச்சியின் மனத்தாங்கல். வேற்று ஆள் என்று நினைத்திருந்தால் அவருக்குக் கோபமே வந்திருக்காது.

ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று யோசிக்காதீர்கள். செவ்வாயும் வெள்ளியும் வேண்டாம், சில வீடுகளில் அந்த நாட்களில் துக்கம் கேட்க வருவதை விரும்ப மாட்டார்கள். காலைச் சமையல் முடிந்து பதினோரு மணி வாக்கில் போங்கள். பூ, பழம், பலகாரம் எதுவும் கையில் இருக்கக் கூடாது. வாசலில் நின்று கூப்பிட வேண்டாம், நேரே உள்ளே போய் அவர் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். 'வாங்க' என்று அவர் சொல்ல மாட்டார், அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'ஆச்சி, அப்பவே வந்திருக்கணும். எப்படி வர்றதுன்னு தெரியாம இருந்துட்டேன்' என்று உள்ளதைச் சொல்லுங்கள். காரணம் அடுக்க வேண்டாம். அவர் தம்பிக்கு என்ன ஆனது, எந்த நேரத்தில் போன் வந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள், கடைசியாக என்ன கேட்டார் என்று முதலிலிருந்து சொல்வார். வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னதுதான், உங்களிடமும் சொல்வார். குறுக்கே பேசாமல் கேளுங்கள். அவருக்காக நீங்கள் ஜெபம் செய்திருந்தால் அதையும் சொல்லுங்கள். எந்தச் சாமியிடம் வேண்டினாலும் தம்பிக்காக வேண்டியிருக்கிறாளே என்றுதான் ஆச்சிக்குத் தோன்றும். எழும்போது 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

அதோடு விட்டுவிடாதீர்கள். நான்கைந்து நாள் கழித்து, ஒரு காரணமும் இல்லாமல் இன்னொரு தடவை போங்கள். நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இந்த இரண்டாவது தடவையைத்தான்.

ஏன் என்றால் எங்கள் ஊர்களின் நிலைமை அப்படி. நகரத்தாருக்கு, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு, ஒரு காலத்தில் 96 ஊர் என்பார்கள், இப்போது எண்பதுகூட இல்லை. பர்மாவிலும் மலாயாவிலும் சம்பாதித்துக் கட்டிய வீடுகள் இவை. 1942-ல் பர்மா கைவிட்டுப் போனது. பிள்ளைகள் சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று பிழைக்கப் போய்விட்டார்கள். ஒரு தெருவில் நடந்து பாருங்கள், பாதி வீடுகளில் பூட்டுத்தான் தொங்கும். திருவிழா, படைப்பு, பிள்ளையார் நோன்பு, கல்யாணம் என்றால் கார்கள் வரிசையாக நிற்கும், வளவு என்கிற உள்முற்றம் கொள்ளாமல் ஆள் இருக்கும். மூன்றாம் நாள் பார்த்தால் அத்தனை பெரிய வீட்டில் மறுபடி ஒற்றை ஆச்சி.

எனக்கு உறவில் அப்படி ஒருவர் இருக்கிறார். வளவைச் சுற்றி அறைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கு, உரியது, அதனதன் சாவி அவரவரிடம். அவர் புழங்குவது ஓர் அறையும், வளவுக்குப் பின்னால் இரண்டாம் கட்டில் உள்ள அடுப்படியும் மட்டும்தான். காலையில் எழுந்ததும் முகப்பிலிருந்து பின்கட்டு வரைக்கும் கதவுகளை வரிசையாகத் திறந்து வைப்பார். இந்தத் தெருவில் நின்றால் அடுத்த தெரு தெரியும். யாராவது எட்டிப் பார்க்க மாட்டார்களா என்றுதான் திறந்து வைக்கிறார். 'பலகாரம் கொண்டாராத, வந்து பத்து நிமிஷம் உக்காரு' என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். திருவிழாவுக்கு வர நூறு பேர் உண்டு. சும்மா இருக்கும் புதன்கிழமை மத்தியானம் ஆள் வேண்டும்.

போன் செய்துவிட்டுப் போவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பட்டணத்தில் அது மரியாதை, நானும் ஒப்புக்கொள்கிறேன். இங்கே போன் வந்தால் விருந்தாளி வருகிறார் என்று அர்த்தம். உடனே அரிசியும் உளுந்தும் ஊறும். வெள்ளைப் பணியாரம் ஊற்ற மாவாட்ட வேண்டும், மிளகாய்த் துவையல் அரைக்க வேண்டும், பாலுக்கு ஆள் அனுப்ப வேண்டும், பீரோவிலிருந்து நல்ல புடவை வெளியே வரும். முட்டி வலியோடு இத்தனையும் செய்துவிட்டு உட்காருகிறவரிடம் ஒட்டுதலான பேச்சை எப்படி எதிர்பார்ப்பது? சொல்லாமல் போனால் மோரோ காப்பியோ கொடுப்பார்கள், இருவருக்கும் நிம்மதி. காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை, இல்லையென்றால் நான்கு மணிக்கு மேல் விளக்கு வைப்பதற்கு முன். மத்தியானம் சாப்பிட்டதும் கண்ணயரும் நேரம், அப்போது வேண்டாம். விளக்கு வைக்கிற நேரத்தில் போய் நின்று உப்பு, பணம் என்று எதையும் கேட்டுவிடாதீர்கள். படைப்பு நாளில் பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைப்பார்கள், அன்றைக்கு மட்டும் அழைத்தால்தான் போக வேண்டும்.

அதே போல உங்கள் வீட்டுக்கு அவர்கள் திடுதிப்பென்று வரும்போது, வீடு போட்டது போட்டபடி கிடக்கிறதே என்று கூசாதீர்கள். குழந்தை இருக்கும் வீடு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். போகும்போது குழந்தையையும் தூக்கிக்கொண்டு போங்கள். நீங்கள் பேச்சுக்குத் திணறினால் அது பார்த்துக்கொள்ளும்.

முகப்பில் உட்கார வைத்தது. இதை இரண்டாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். முதல் தடவை வருகிறவரை முகப்பில் உட்கார வைப்பது இந்த வீடுகளின் அமைப்பிலேயே உள்ள பழக்கம். வந்தவருக்கும் கணக்கு வழக்குக்கும் முகப்பு, குடும்பத்துக்கு வளவு என்றுதான் கட்டியிருக்கிறார்கள். நாலு தடவை போனால் பெரும்பாலான வீடுகளில் 'என்ன அங்கேயே நிக்கிறீங்க, உள்ள வாங்க' என்று குரல் வரும். ஆனால் சாதியும் மதமும் பார்த்து நிறுத்துகிற வீடுகளும் இன்னும் இருக்கின்றன. அதை நான் மூடி மறைக்க விரும்பவில்லை. நாலைந்து தடவைக்குப் பிறகும் அப்படித்தான் என்றால் அந்த வீட்டாரிடம் தெருவில் பார்த்துச் சிரித்துப் பேசுங்கள், அது போதும். உங்கள் மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள்.

இதையொட்டி உங்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. நீங்கள் எழுதியதெல்லாம் பெரிய வீடுகளைப் பற்றி. உங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வருகிறவர், கீரை கொண்டுவருகிறவர் வீட்டுக்குப் போயிருக்கிறீர்களா? பெரிய வீட்டு முகப்பில் உட்கார்ந்தபோது உங்களுக்கு வந்த வருத்தம், இன்னும் பின்வாசல் வழியாகவே வந்துபோகும் எத்தனையோ பேருக்குத் தினம் வருகிறது. ஊர் என்றால் அவர்களும்தான். அய்யனாருக்குப் புரவி செய்யும் வேளார் வீடும், ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற தெருவும் சேர்ந்ததுதான். அங்கெல்லாம் போய் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். அவர்கள் உங்கள் வீட்டுக்கு வந்தால் முன்வாசல் வழியாக வரச் சொல்லி நாற்காலி போடுங்கள்.

இனி விபூதி. நகரத்தார் சைவர்கள், நெற்றியில் திருநீறு இல்லாமல் பெரியவர்கள் வெளியே வருவது அரிது. பிள்ளையார்பட்டி, இரணியூர், வைரவன்பட்டி என்று ஒன்பது கோயில்களில் ஒன்றைச் சேர்ந்தவர்களாகத்தான் தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். புதிதாகச் சந்திக்கும் இரண்டு நகரத்தார் முதலில் கேட்டுக்கொள்வதே 'எந்த ஊரு, எந்தக் கோயில்?' என்றுதான். உங்களிடமும் ஒருவர் பழக்கத்தில் கேட்டுவிடலாம். 'நாங்க சர்ச்சுக்குப் போறவங்க ஆச்சி' என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். விபூதி நீட்டினால் வலது கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பூசிக்கொள்வதும் கொள்ளாததும் உங்கள் மனசாட்சி. பூசுவதில்லை என்றால் கீழே தட்டிவிடாமல் ஒரு தாளில் மடித்து, பூசுகிற யாரிடமாவது கொடுத்துவிடலாம். வாங்குவதற்கே மனம் ஒப்பவில்லையா, அதையும் முகம் பார்த்துச் சொல்லிவிடுங்கள். பக்தியுள்ளவர்களுக்கு இன்னொருவரின் பக்தி புரியும். சாக்குச் சொல்லி நழுவுவதுதான் அவர்களைப் புண்படுத்தும். பிள்ளையார் நோன்பன்று உங்களைக் கூப்பிட்டால் போய் உட்கார்ந்து பாருங்கள். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கணக்கு அது. மாவில் இழைத் திரியை வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் உங்கள் ஊர் வழியாக வந்தால் ஒரு குடம் மோர் கரைத்து வாசலில் வையுங்கள். தாகத்துக்கு மோர் கொடுக்க எந்த வேதமும் தடை சொல்லவில்லை.

மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய நாளிலிருந்து திருவிழா முடிகிற வரை பல வீடுகளில் கவிச்சி சமைக்க மாட்டார்கள். உங்கள் வீட்டில் என்ன சமைப்பது என்பது உங்கள் விருப்பம். மீன்குழம்பைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதை மட்டும் அந்த நாட்களில் தள்ளிவையுங்கள். உங்களுக்கு யாராவது தூக்கில் எதையாவது கொடுத்தனுப்பினால் அடிப்பக்கம் பேர் வெட்டியிருக்கும், பாருங்கள். கழுவி வெறுமையாகத் திருப்பக் கூடாது. கொஞ்சம் சீனியோ நாலு பழமோ போட்டு, ஒரு வாரத்துக்குள் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். மறுபடி அந்த வீட்டுக்குப் போவதற்கு அதுவே ஒரு வழி.

கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் டிசம்பரில் அந்தக் கேள்வி கட்டாயம் வரும். கார்த்திகை, மார்கழியில் பலர் விரதத்தில் இருப்பார்கள், பழனிக்கு மாலை போட்டவர்களும் இருப்பார்கள். முட்டை சேர்த்த கேக்கை வாங்கிக்கொண்டு உண்ண முடியாமல் தவிப்பார்கள். உங்கள் ஊர் முந்திரிக்கொத்து இருக்கிறதே, பாசிப்பயறு வறுத்து, வெல்லப்பாகில் தேங்காயோடு உருட்டி, அரிசிமாவில் தோய்த்துப் பொரிப்பது, அதைச் செய்யுங்கள். பத்து நாள் கெடாது. பலகாரம் என்றால் எங்கள் ஆச்சிமார் விடமாட்டார்கள். எப்படிச் செய்தாய், பாகு என்ன பதம், மாவில் மஞ்சள்தூள் போட்டாயா என்று கேட்டு உட்கார வைத்துவிடுவார்கள். முதல் தட்டு பக்கத்து வீட்டு ஆச்சிக்கு.