தம் கட்டிப் பாடியவர்

அன்புள்ள சார்,

போன வாரம் தூக்கம் வராத ஒரு இரவில் ஹோசே ஹோசே என்ற மெக்சிகோ பாடகரின் 'எல் த்ரிஸ்தே' பாட்டை யூடியூபில் பார்த்தேன். ஸ்பானிஷ் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் அழுதுவிட்டேன். மொழி தெரியாமல் அழுவது உண்மையான ரசனையா, இல்லை எல்லாம் என் கற்பனையா? அப்படிப் பாடியவருக்கு அந்தப் போட்டியில் மூன்றாம் பரிசுதானாமே, ஏன்? பிறகு அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். குடித்துக் குடித்துக் குரலையே இழந்திருக்கிறார். அவ்வளவு வலியும் குடியும் இல்லாவிட்டால் அந்தப் பாட்டு அப்படி வந்திருக்காது என்று தோன்றுகிறது. என் தம்பியும் மெல்லிசைக் குழுவில் பாடுகிறான். அவனும் குடிக்கிறான். கேட்டால் 'கலைஞன்னா அப்படித்தான்' என்கிறான். ஹோசே ஹோசேயை எந்தப் பாட்டிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

கார்த்திகா, ஈரோடு

அன்புள்ள கார்த்திகா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இந்த மனிதரைப் பற்றித் தமிழில் எனக்கு ஒருவர் எழுதுவார் என்று நான் நினைத்ததே இல்லை. பல வருடங்களாக அவர் பாட்டு என் கூடவே இருக்கிறது.

மொழி தெரியாமல் அழலாமா என்பதெல்லாம் ஒரு கேள்வியா? அழுகை வந்தது, அழுதீர்கள். அதை யாரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்கப் போகிறீர்கள்? மூன்றாம் பரிசு விஷயமும் அப்படித்தான். 1970 மார்ச் 15, மெக்சிகோ நகரம், லத்தீன் பாடல் விழா. பிரேசிலின் கிளாவுதியாவுக்கு முதல் பரிசு, வெனிசுலாவின் மிர்லா காஸ்தெயானோஸுக்கு இரண்டாவது. கூட்டம் கொதித்துப்போனது. இன்றைக்கு அந்த விழாவின் பெயரை எடுத்தால் மூன்றாவதாக வந்தவனின் முகம்தான் எல்லாருக்கும் நினைவு வருகிறது. சரி, அதை விடுவோம்.

'குடி இல்லாவிட்டால் அந்தப் பாட்டு வந்திருக்காது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் விட முடியவில்லை.

ஹூஸ்டனில் ஒரு அலுவலகத்தில் சில மாதங்கள் இரவுப் பணியில் இருந்தேன். பத்து மணிக்கு மேல் அந்த மாடியில் நானும், துப்புரவு வேலைக்கு வரும் ஒரு மெக்சிகோப் பெரியவரும் மட்டும்தான். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை, எனக்கு ஸ்பானிஷ் சுத்தமாகக் கிடையாது. ஒருநாள் வாக்குவம் கிளீனரை நிறுத்திவிட்டு, அதன் வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டே வந்து என் மேஜை முன்னால் நின்றார். என் டிஷ்யூ பெட்டியில் தன் கைபேசியைச் சாய்த்து வைத்து, நீங்கள் பார்த்த அதே வீடியோவைப் போட்டார்.

முதல் தடவை நானும் உங்களைப் போலத்தான் கேட்டேன். சோகம், குரல், கடைசியில் மேடையில் வந்து விழும் பூக்கள். அவர் தலையை ஆட்டினார். மறுபடி போட்டார். இந்த முறை என் வலது கையைப் பிடித்துத் தன் விலாவின் மேல் வைத்துக்கொண்டு கூடவே பாடினார். ஒரு வரி முடிந்து எல்லாரும் மூச்சு எடுக்கும் இடத்தில் அவருடைய விலா படக்கென்று உள்ளே போய் வெளியே வந்தது. உடனே விரலால் திரையைத் தட்டினார். ஹோசே ஹோசே அங்கே மூச்சு எடுக்கவில்லை! அடுத்த வரிக்குள் அப்படியே இழுத்துக்கொண்டு போகிறார். இன்னொரு இடம், மறுபடி தட்டினார். அங்கேயும் இல்லை. சின்ன வயதில் ரேடியோவோடு சேர்ந்து தம் கட்டிப் பார்ப்பார்களாம் பையன்கள். ஒருத்தனாலும் முடியாதாம்.

அன்றைக்கு ஒன்று புரிந்தது. உங்களை அழவைத்தது அந்தப் பாடகனின் சொந்தத் துக்கம் இல்லை, கார்த்திகா. அவன் மூச்சு எடுக்காத இடத்தில் உங்களுக்கு மூச்சு முட்டியது. பிரிந்தவளை நினைத்து ஒருத்தன் பாடும் பாட்டு அது. எழுதியவர் ரொபெர்த்தோ கந்தொரால். அந்தப் பிரிவின் தவிப்பை வரிக்கும் வரிக்கும் நடுவே நிறுத்தாமல் உங்கள் நெஞ்சுக்குள் இறக்கிவிட்டது ஒரு வித்தை. 22 வயதில் அந்த வித்தை அவனிடம் இருந்தது. அது மதுப் பாட்டிலிலிருந்து வரவில்லை. வீட்டிலிருந்து வந்தது.

என்ன வீடு அது? அப்பா ஹோசே சோசா எஸ்கிவெல், ஓபரா பாடகர், டெனர் என்கிற உச்சஸ்தாயி ஆண்குரல். அம்மா மார்கரித்தா ஓர்த்திஸ், பியானோக் கலைஞர். 1948 பிப்ரவரி 17-இல் மெக்சிகோ நகரத்தில் பிறந்த பிள்ளை நடக்கப் பழகும் முன்பே சங்கீதத்தைக் கேட்டுவிட்டான். பெரியவனானதும் ஒரு மூவர் குழுவில் பேஸ் வாத்தியம் வாசித்துக்கொண்டு, ஜாஸும் பிரேசில்காரர்களின் போஸா நோவா இசையும் பாடிக்கொண்டு திரிந்தான். இரவு இரவாகப் பாடிப் பழகிய தொண்டை அது. வலி வேண்டும் வலி வேண்டும் என்கிறீர்களே, இந்த உழைப்பைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இருக்கிறதா?

குடியும் அதே வீட்டில்தான் இருந்தது. அப்பா குடித்தார், குடும்பத்தை விட்டுப் போனார், 1968-இல் இறந்தார். மகனின் புகழ்பெற்ற அந்த மேடைக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ஹோசே ரோமுலோ சோசா ஓர்த்திஸ் என்ற பையன் ஹோசே ஹோசே ஆனது அந்த அப்பாவுக்காகத்தான். ஒரு ஹோசே தனக்கு, இன்னொரு ஹோசே அப்பாவுக்கு. விட்டுவிட்டுப் போன மனிதரின் பெயரை ஒவ்வொரு மேடையிலும் தன் பெயரோடு சேர்த்துக் கூப்பிட வைத்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அப்பாவிடமிருந்து குரலை எடுத்துக்கொண்டவன் குடியையும் எடுத்துக்கொண்டான்.

1970களின் தொடக்கத்தில் கடுமையான நிமோனியா வந்து நுரையீரலையும், மூச்சை இழுத்துவிடும் தசையான உதரவிதானத்தையும் பாதித்தது. ஒரு பாடகனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அப்படியும் பாடினார். 1977-இல் 'கவிலான் ஓ பலோமா' பாட்டு, மறுவருடம் இன்னொரு மெக்சிகோ பாடகரான ஹுவான் கப்ரியேல் எழுதிய 'லோ பசாதோ, பசாதோ', 1983-இல் 'செக்ரெத்தோஸ்' ஆல்பம். இதெல்லாம் குடித்துக்கொண்டே செய்தவைதானே என்று உங்கள் தம்பி கேட்கலாம். ஆமாம். குடியோடு மல்லுக்கட்டிக்கொண்டு செய்தவை. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்தவனைப் பார்த்துவிட்டு, கல்தான் அவனைக் கரைசேர்த்தது என்று சொல்வீர்களா?

1993 வாக்கில் நிலைமை எங்கே போயிற்று தெரியுமா? ஸ்பானிஷ் பேசும் நாடுகள் முழுக்கத் தெரிந்த அந்த மனிதர் ஒரு டாக்ஸிக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வேண்டியவர்கள் அமெரிக்காவில் மின்னசோட்டாவிலுள்ள ஒரு மறுவாழ்வு மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வெளியே வந்தார், குடியை விட்டார், அந்த நோயைப் பற்றி ஊரறியப் பேசினார். ஆனால் குரல் திரும்பவில்லை. 2001-இல் வந்தது கடைசி ஸ்டுடியோ ஆல்பம். குரல் போனதில் நோய்களுக்கும் பங்கு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வலிதான் குரலைத் தருகிறது என்றால், அந்தக் கடைசி இருபது வருடத்தில் அவர் இன்னும் பெரிதாகப் பாடியிருக்க வேண்டுமே! வலிக்கா பஞ்சம்?

பெரியவரிடம் நானும் கிட்டத்தட்ட உங்கள் கேள்வியைத்தான் கேட்டேன், சைகையும் ஒன்றிரண்டு சொற்களுமாக. அவர் கட்டைவிரலை வாய்க்கு நேரே சாய்த்துக் காட்டினார். பிறகு தன் தொண்டையைத் தொட்டார். பிறகு வெறும் கையை விரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மை பாப்பா ஆல்ஸோ" என்றார். வயரைப் பிரித்து மறுபடி வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

2019 செப்டம்பர் 28-இல் புளோரிடாவில் ஹோசே ஹோசே இறந்தபோது நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். கணையப் புற்றுநோய். பிள்ளைகளுக்குள் தகராறு. கடைசியில் அஸ்தியில் ஒரு பாதி மயாமியில் தங்க, மறுபாதி மெக்சிகோ போய்ச் சேர்ந்தது. மெக்சிகோ நகரத்தின் பெரிய கலையரங்கமான பெயாஸ் ஆர்த்தெஸ் மாளிகையில் அஞ்சலி செய்து, அம்மாவின் கல்லறையிலேயே வைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று பெரியவரிடம் போன் நம்பர் வாங்கி வைத்துக்கொள்ளாமல் வந்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

தம்பியிடம் 'குடிக்காதே' என்று சொல்லி நீங்கள் அலுத்திருப்பீர்கள். நான் ஒன்று சொல்கிறேன், செய்து பாருங்கள் அம்மா. காலையில், தொண்டை தெளிவாக இருக்கும்போது, அந்த வீடியோவைப் போட்டு மூச்சு எடுக்கும் இடங்களை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். பாட்டுக்காரன் என்றால் இரண்டாவது நிமிடத்திலேயே நிமிர்ந்து உட்காருவான். முந்தின ராத்திரி குடித்துவிட்டு வந்த காலையில் இன்னொரு முறை கூடவே பாடிப் பார்க்கச் சொல்லுங்கள். 'கலைஞன்னா அப்படித்தான்' என்ற பேச்சை அவனுடைய விலாவிடமே கேட்டுக்கொள்ளட்டும்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். 'செக்ரெத்தோஸ்' ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை, இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். பாட்டு எல்லாம் மானுவேல் அலெஹாந்த்ரோ என்ற ஸ்பெயின்காரருடையவை. அப்புறம், தம்பி என்ன சுருதியில் பாடுகிறான், யார் பாட்டை நன்றாகப் பாடுவான் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அவன் பாடியது ஏதாவது இருந்தால் அனுப்புங்கள், கேட்கிறேன்.