பக்கத்து வீட்டின் கணக்கு – கடிதம்

அன்புள்ள அய்யா,

எங்கள் ஊர் ஒரத்தநாடு பக்கம். பத்து வருடமாக அபுதாபியில் வேலை பார்க்கிறேன். போன மாதம் எங்கள் பக்கத்து வீட்டு ஆயா இறந்துவிட்டார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். அப்பாவும் அம்மாவும் வயலுக்குப் போனால் என்னையும் தங்கையையும் பார்த்துக்கொண்டது அவர்தான். காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். லீவு கிடைக்கவில்லை. வாட்ஸ்அப் வீடியோவில்தான் கடைசியாக முகம் பார்த்தேன்.

அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுத ஆசை. "எதையும் எதிர்பார்க்காமல் எங்களுக்காகவே வாழ்ந்த ஜீவன்" என்று முதல் வரி எழுதினேன். அதற்கு மேல் நகரவில்லை. பேச்சு வழக்கில் எழுதலாமா, எத்தனை பக்கம் இருக்க வேண்டும்? அவர் வேறு சாதி. ஆனால் எங்கள் வீட்டில் ஒருத்தி போலத்தான் இருந்தார். சாதியைச் சொல்லலாமா? ஊர்ப் பள்ளிக்கு அவர் பெயரில் குடிநீர் இயந்திரம் வாங்கிக் கொடுத்தால் போதும் என்கிறாள் என் மனைவி. ஆயாவின் மகள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறார். பேரன் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான்.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே,

வீடியோவில் முகம் பார்த்தேன் என்று நீங்கள் எழுதிய இடத்தில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மேலே படித்தேன். கேதத்துக்கு வர முடியாமல் போன துக்கம் தனி. கருமாதி முடிந்தாலும் அது முடியாது. அதற்கு என்னிடம் ஆறுதல் இல்லை.

பேச்சு வழக்கு, பக்கக் கணக்கு எல்லாம் பெரிய விஷயமில்லை. உங்களுக்கு எப்படி வருகிறதோ அப்படி எழுதுங்கள். ஆயா பேசுகிற இடத்தை மட்டும் அவர் பேசியபடியே விடுங்கள்.

அந்த முதல் வரியை அடித்துவிடுங்கள். உங்கள் கட்டுரை நகராததற்குக் காரணமே அந்த வரிதான். கொஞ்ச நாளாக நானே இதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

"எதையும் எதிர்பார்க்காதவர்" என்று நாம் யாரைச் சொல்கிறோம் என்று பாருங்கள். சீட்டுப் பிடிக்கிறவரைச் சொல்வதில்லை, டிராக்டர் வாடகைக்கு விடுகிறவரைச் சொல்வதில்லை. செத்துப்போன கிழவிகளை மட்டும்தான் சொல்கிறோம். இரண்டு பிள்ளைகளை வருடக்கணக்கில் பார்த்துக்கொள்வது வேலை. உங்கள் அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க் கூலி வாங்க முடிந்ததே ஆயா திண்ணையில் உட்கார்ந்திருந்ததால்தான். அவர் ஒன்றுமே எதிர்பார்க்கவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? அவரிடம் கேட்டீர்களா? எதிர்பார்த்தது கிடைக்காமல் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அதைப் பெருந்தன்மை என்று நீங்களாகவே பெயர் வைத்துவிட்டால், கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை என்று ஆகிவிடுகிறது. பாராட்டுவது போல ஒரு கடனைத் தள்ளுபடி செய்துகொள்கிறீர்கள்.

எங்கள் ஊர் கீரமங்கலம் பக்கம். எனக்கும் அப்படி ஒருவர் இருந்தார். எங்களுக்குக் கிழக்கே அவர் வீடு, அதனால் கீழவீட்டு அப்பாயி. பிள்ளை இல்லை. புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டார். கொஞ்சம் தென்னை, ஒரு மாடு. காலையில் ஆள் தெரியாத இருட்டில் முல்லை பறிக்கக் கூலிக்குப் போவார், வெயில் ஏறுவதற்குள் பூ கீரமங்கலம் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றினார். ஒரு நாளைக்கு ஒரு கரிக்கோடு என்று அடுப்படிச் சுவரில் இழுத்து வைப்பார், மாதக் கடைசியில் அம்மாவைக் கூப்பிட்டுச் சுவரைக் காட்டுவார். எனக்கு அம்மை போட்டிருந்தபோது தினமும் வேப்பிலையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தவரும் அவர்தான். அந்த மாதமும் கோடு குறையவில்லை. இரண்டும் ஒரே மனுஷிதான்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மொய் நோட்டை என்னைத்தான் படிக்கச் சொல்வார். நான்காம் வகுப்பிலிருந்து அது என் வேலை. ஊர், பெயர், தொகை என்று வரிசையாக வாசிக்க வேண்டும். கையெழுத்துப் புரியாமல் தயங்கினால், "என்னடா முழுங்குற, தொகையச் சொல்லு" என்பார். தொகையைச் சொன்னதும் அது யார் வீட்டுக் காதுகுத்து, அன்றைக்கு மழையா வெயிலா, தான் அவர்களுக்கு எப்போது எவ்வளவு வைத்தோம் எல்லாம் வரும். நோட்டில் தப்பாக எழுதியிருந்ததை அவர் நினைவிலிருந்து திருத்தியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மொய் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். (உங்களுக்குத் தெரிந்திருக்கும், மொய்க்குப் பேர்போன பேராவூரணி உங்களுக்கும் தூரமில்லை.) ஒருவர் எனக்கு 500 வைத்தால், அவர் வீட்டு விசேஷத்தில் நான் அந்த 500-ஐத் திருப்பி, மேலே என் பங்காகவும் வைக்க வேண்டும். மேலே வைத்தது இனி அவர் எனக்குத் தர வேண்டியது. வட்டி இல்லை, பத்திரம் இல்லை, நோட்டுதான் சாட்சி. அந்தப் பணத்தில் போர் போட்டவர்கள் இருக்கிறார்கள், பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஊரெல்லாம் விசேஷத்துக்கு விசேஷம் வைத்துவிட்டு, தன் வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ நடக்க வழியில்லாதவர் என்ன செய்வார்? அதற்குத்தான் மொய் விருந்து. பெரும்பாலும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை, ஆடியில். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து பந்தல் போட்டு, கிடாய் வெட்டிச் சோறு போட்டு, தங்களுக்கு வர வேண்டியதை வாங்கிக்கொள்ளும்.

அப்பாயியின் முறை 2019 ஆடியில் வந்தது. அதற்கு முந்தைய நவம்பர் 16-ஆம் தேதிதான் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, பொழுது விடிவதற்குள் எங்கள் பக்கத்துத் தோப்புகளையெல்லாம் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. ஒரு தென்னைக்கு அரசு நிவாரணம் 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500. புதுக் கன்று வைத்தால் நெட்டை காய்க்க ஆறேழு வருடம் ஆகும். அப்பாயிக்கு அப்போது வயது எழுபத்தெட்டு. மிச்சமிருந்த வருமானம் முதியோர் பென்ஷன் 1,000 ரூபாய். தம்பி மகன் பெயரையும் சேர்த்துப் பத்திரிகை அடித்தார்.

இந்த வருஷம் எல்லாரும் நொடிந்து கிடக்கிறோம், தள்ளிப் போடு என்றார்கள். அவர் கேட்கவில்லை. நோட்டை மடியில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைத்தார். "சாகப்போற காலத்துல கிழவிக்குப் பணத்தாசையப் பாரு" என்று பேசியவர்கள் உண்டு. அவர்கள் வீட்டு வாசலில் நின்றுதான் அப்பாயி சொன்னார்: "எம் பணத்தத்தான கேக்குறேன், ஒம் பணத்தையா கேட்டேன்?"

அவர் செய்தது சரி. நூற்றுக்கு நூறு சரி. பென்ஷனைத் தவிர வருமானமே இல்லாத ஒரு கிழவி, நாற்பது வருடம் முல்லை பறித்த கூலியில் பிறத்தியார் வீட்டு விசேஷங்களுக்கு வைத்ததைக் கேட்டு வாங்கினார். கேட்க முடிந்ததால்தான் கடைசிக் காலத்தில் யார் வீட்டு வாசலிலும் அவர் சோற்றுக்கு நிற்கவில்லை. மொத்தமும் வரவில்லை, பாதிக்கு மேல் வந்தது. அதில் ஓட்டைப் பிரித்துக் கூரைக்குத் தகரம் போட்டார், ஒரு கறவை மாடு வாங்கினார், கன்றும் நட்டார்.

அவர் போன பிறகு ஊரில் எல்லாரும் சொன்னது என்ன தெரியுமா? "பாவம், எதையும் எதிர்பார்க்காத மனுஷி." ஆசை பிடித்த கிழவி என்றவர்களே அதையும் சொன்னார்கள். உங்கள் கடிதத்தில் அதே வரியைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்ததற்கு அதுதான் காரணம். அப்பாயிக்கு எங்கள் வீட்டிலிருந்து போக வேண்டிய பாக்கி கொஞ்சம் இருந்தது. கொள்ளி வைத்த தம்பி மகனிடம்தான் நோட்டு இருக்கிறது. அவர் மகள் சடங்குக்கு அம்மா அதை வைத்துவிட்டு வந்தார்.

சாதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் அப்பாயி எங்கள் சாதிதான், அதனால் இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. உங்களுக்கு வருகிறது, தப்பிக்க முடியாது. "வேறு சாதி, ஆனால் வீட்டில் ஒருத்தி போல" என்று எழுதினால் அது பொய்யாகவும் இருக்கலாம். ஆயா உங்கள் வீட்டுக்குள் எதுவரை வந்தார்? எதில் காபி குடித்தார், அந்தத் தம்ளரை யார் கழுவினார்கள்? உங்களைப் பார்த்துக்கொண்ட திண்ணை உங்கள் வீட்டுத் திண்ணையா, அவர் வீட்டுத் திண்ணையா? நினைவில்லை என்றால் அம்மாவிடம் கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். அம்மாவுக்குச் சங்கடமாக இருக்குமே என்று மழுப்பாதீர்கள். அம்மாவையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம், நடந்ததை எழுதினால் போதும்.

இன்னொன்றும் கேளுங்கள். ஆயாவின் மகள் கல்யாணத்துக்கு உங்கள் வீட்டிலிருந்து என்ன செய்முறை போனது? அவர் படுத்துக் கிடந்தபோது யார் கஞ்சி கொடுத்தது? அவர் எப்போதாவது கைமாற்றுக் கேட்டு உங்கள் வீட்டில் இல்லை என்று சொன்னார்களா? கட்டுரை அங்கேதான் இருக்கிறது. அதில் அவர் சண்டை போட்டதும் வரட்டும், கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்த மாதங்களும் வரட்டும்.

குடிநீர் இயந்திரம் வாங்க வேண்டுமென்றால் வாங்குங்கள், பிள்ளைகள் குடிப்பார்கள். ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் ஒரு பையன் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். பனியன் கம்பெனிச் சம்பளத்தில் அவன் அம்மா அவனைக் கல்லூரிக்கு அனுப்ப முடியாமல் இருக்கலாம். அவருக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள். உதவி என்று ஆரம்பிக்காதீர்கள், ஆயாவுக்குத் தர வேண்டியது என்று சொல்லுங்கள். அரசுக் கல்லூரிகளில் சேர்க்கை முடிவதற்குள் பையனின் மதிப்பெண்ணையும் அவன் என்ன படிக்க விரும்புகிறான் என்பதையும் எனக்கு எழுதுங்கள். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் எனக்குத் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள், விசாரிக்கிறேன். கட்டுரையை அப்புறம் அனுப்பலாம்.

அன்புடன்.