ராத்திரியில் நெஞ்சுவலி வந்தால் பரங்கிமலை வரை போக வேண்டுமா? முன்னாள் படைவீரர் குடும்பத்துக்கு ஒரு பதில்

கேள்வி: என் அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 66. கொடுங்கையூரில் இருக்கிறோம். கொஞ்ச நாளாக வேகமாக நடந்தாலோ மாடிப்படி ஏறினாலோ நெஞ்சை இறுக்குகிறது, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் காட்டியதும் பரங்கிமலையில் உள்ள ராணுவ மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். டாக்டர் பொறுமையாகத்தான் பார்த்தார். ஈ.சி.ஜி., எக்கோ எடுத்து, மாத்திரை எழுதி, ஆஞ்சியோ தேவைப்படலாம், இரண்டு வாரத்தில் திரும்ப வாருங்கள் என்றார். ஆனால் போகவர அலைச்சல், காத்திருப்பு, ஒரு கவுண்டரிலிருந்து இன்னொரு கவுண்டர் என்று அப்பா நொந்துபோனார். இனி வரமாட்டேன் என்கிறார். தெரிந்த ஒருவர், ஈ.சி.எச்.எஸ். கார்டையும் எட்டாயிரம் ரூபாயும் கொடுத்தால் நேராகத் தனியார் மருத்துவமனையில் சேர்த்து இலவசமாக ஆஞ்சியோ செய்து தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? அதற்குள் ராத்திரியில் வலி வந்தால் என்ன செய்வது?

பதில்: தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், உயிர் சம்பந்தப்பட்டது அதுதான்.

ராத்திரியில் வலி வந்தால் பரங்கிமலைக்குப் போகாதீர்கள். பாலிகிளினிக் எப்போது திறக்கும் என்று விடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள், பக்கத்தில் இதய சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் பகுதியிலிருந்து ஸ்டான்லி அரசு மருத்துவமனை போகலாம், இதய நோய்ப் பிரிவு அங்கே இருக்கிறது. ஈ.சி.எச்.எஸ். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் அங்கேயும் போகலாம். உட்கார்ந்திருக்கும்போதே வலி, மாத்திரைக்கும் அடங்காத வலி, வலியோடு வியர்வை, மூச்சுத்திணறல், வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவுவது, இதில் எது வந்தாலும் அவசரம்தான். அந்த நேரத்தில் பாலிகிளினிக் மருத்துவர் எழுதித் தரும் ரெஃபரல் சீட்டு தேவையில்லை. ரெஃபரல் இல்லாமல் போனால் பணம் வராது என்று பயந்து வீட்டிலேயே உட்கார்ந்திருந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஈ.சி.எச்.எஸ். திட்டம் 2003 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. இத்தனை வருடம் ஆகியும் இந்த ஒரு விஷயம் வீடுவீடாகப் போய்ச் சேரவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

அவசரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏமாற்று வேலை முழுக்க இதைச் சுற்றித்தான் நடக்கிறது.

பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கு அவசரமாகப் போனால் கார்டைக் காட்டினால் போதும். முன்பணம் கேட்கக்கூடாது என்பது அவர்கள் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அவசரமாகச் சேர்த்திருக்கிறோம் என்று பாலிகிளினிக்குக்கு 48 மணி நேரத்துக்குள் தெரிவிப்பதும் அவர்கள் பொறுப்பு. ஆனால் அவர்கள் பொறுப்புதானே என்று நீங்கள் சும்மா இருந்துவிடக் கூடாது. சேர்த்த அன்றே, தகவல் ஆன்லைனில் போய்விட்டதா, கிளெய்ம் எண் என்ன என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண் சொல்லத் தயங்கினால் தகவல் போகவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்றால் கணக்கே வேறு. தகவல் கொடுக்க வேண்டியவர் நீங்கள். அதே 48 மணி நேரம். பாலிகிளினிக் பொறுப்பு அதிகாரிக்கு ஒரு கடிதம் போதும்: பெயர், கார்டு எண், எந்த மருத்துவமனை, எத்தனை மணிக்குச் சேர்த்தோம், என்ன நிலையில் சேர்த்தோம், பட்டியலில் உள்ள இடத்துக்கு ஏன் போக முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, மறுநாள் நேரில் போய் நகலில் முத்திரை வாங்குங்கள். பில்லை முதலில் நீங்கள் கட்டிவிட்டு அப்புறம்தான் திரும்பக் கேட்க வேண்டும். அதுவும் கட்டியது முழுக்க வராது, அரசு நிர்ணயித்த கட்டண அளவுக்குத்தான் வரும். மிச்சம் உங்கள் பணம்தான். இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். அவசர நிலையில் அனுமதிக்கப்பட்டார் என்ற வரி, வந்த நேரம், வரும்போது ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, ஈ.சி.ஜி.யில் என்ன தெரிந்தது, இவ்வளவும் இருக்க வேண்டும். நெஞ்சுவலி, சிகிச்சை அளிக்கப்பட்டது என்று ஒற்றை வரியில் முடித்திருந்தால் திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் காகிதத்தை வேறொரு ஊரில் உட்கார்ந்து படித்து பில்லைச் சரிபார்க்கும் பரிசோதகருக்கு உங்கள் அப்பாவின் முகம் தெரியாது, எழுதியிருப்பது மட்டும்தான் தெரியும். ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டென்ட் விலைக்கு 2017 பிப்ரவரியிலிருந்து மத்திய அரசின் உச்சவரம்பு இருக்கிறது. "இது சாதாரணம், வெளிநாட்டு ஸ்டென்ட் வைத்தால் கொஞ்சம் மேலே கட்ட வேண்டும்" என்று யாராவது தனியாகக் கூப்பிட்டுப் பேசினால், அதை எழுதிக் கொடுங்கள் என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடும்.

இப்போது அந்தத் தெரிந்தவர் விஷயம். கார்டைக் கொடுக்காதீர்கள். பணத்தையும் கொடுக்காதீர்கள்.

அவர் என்ன செய்யப்போகிறார் என்று சொல்கிறேன். உங்கள் அப்பாவுக்கு நடந்தால் இறுக்கம் வருகிறது, உட்கார்ந்தால் போய்விடுகிறது. இது கவனிக்க வேண்டிய நோய்தான், ஆனால் இன்றைய நிலையில் அவசரம் என்ற கணக்கில் வராது. அவசரம் இல்லையென்றால் ரெஃபரல் வேண்டும். ரெஃபரல் வாங்கித் தர அவரால் ஒருநாளும் முடியாது, அதைத் தருவது பாலிகிளினிக் மருத்துவர். அதனால் அவருக்குத் தெரிந்த ஒரே வழி, நன்றாக நடந்து வருகிற மனிதரைப் படுக்க வைத்து அவசர கேஸ் என்று பதிவது. நீங்கள் அவர் கையில் கொடுக்கும் எட்டாயிரம் போக மருத்துவமனையும் அவருக்குத் தனியாக ஏதாவது கொடுக்கும். சேர்க்கும்போது பத்து இடத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதில் ஒன்று, ஈ.சி.எச்.எஸ். பணம் தராவிட்டால் நாங்களே கட்டுகிறோம் என்ற உறுதிமொழியாக இருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை.

அப்புறம் பில் ஆய்வுக்குப் போகும். அங்கே மருத்துவர்கள்தான் பார்க்கிறார்கள். ஈ.சி.ஜி. மாறவில்லை, ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, இதில் என்ன அவசரம் என்று திருப்பி அனுப்புவார்கள். சில மாதம் கழித்து உங்கள் வீட்டுக்கு போன் வரும், பணம் கட்டச் சொல்லி. அப்போது அந்த ஏஜென்ட்டின் நம்பர் எடுக்காது. இதைவிடக் கொடுமை, கார்டை முறைகேடாகப் பயன்படுத்தியதாக முடிவானால் உறுப்பினர் உரிமையையே நிறுத்தி வைக்க முடியும். அந்த உரிமையை நம்பித்தான் உங்கள் அம்மாவும் இருக்கிறார்.

கார்டு வேறொருவர் கையில் ஒரு நாள் இருந்தாலும் ஆபத்து. படுக்காத கட்டிலுக்கும் போடாத ஊசிக்கும் பில் எழுத அது போதும். போனில் வரும் ஓ.டி.பி.யை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். டிஸ்சார்ஜ் அன்று தொகை நிரப்பாத பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள். "நீங்கள் கிளம்புங்கள், நாங்கள் அப்புறம் நிரப்பிக்கொள்கிறோம்" என்றால் நிரப்பும்வரை அங்கேயே உட்காருங்கள். இதைச் சொல்லிச் சொல்லி அலுத்தவன் நான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் செய்வேன், எல்லையில் நின்ற மனிதர்களின் காசு இது. உங்கள் அப்பாவின் பதவி நிலையில் ஓய்வு பெற்று இன்று திட்டத்தில் சேருபவர்கள் ஆயுளுக்கும் ஒரே தடவையாக 30,000 ரூபாய் கட்டித்தான் உறுப்பினராகிறார்கள். யாரும் யாருக்கும் சும்மா தரவில்லை.

சரி, நேர்வழி எது? ராணுவ மருத்துவமனையில் இரண்டு வாரத்தில் வரச் சொன்னார்கள் அல்லவா, அப்பாவைச் சமாதானப்படுத்தி அந்தத் தேதிக்குக் கட்டாயம் போங்கள். சீருடையில் இருக்கும் சிப்பாய்க்கும் அவர் குடும்பத்துக்கும்தான் அங்கே முதலிடம். மீதி இருக்கும் வசதியில்தான் ஓய்வு பெற்றவர்களைப் பார்க்கிறார்கள். அதனால்தான் காத்திருப்பு. அப்பாவுக்கு இது தெரியாமல் இருக்காது. ஒரு காலத்தில் அதே வரிசையில் முன்னால் நின்றவர் இன்று பின்னால் நிற்கிறார், அந்த வலிதான் கோபமாக வருகிறது என்று நினைக்கிறேன். ராணுவ மருத்துவமனைகளில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். அங்கே உள்ள டாக்டருக்கு உங்களுக்கு ஆஞ்சியோ செய்வதால் ஒரு ரூபாய் லாபமும் இல்லை. தேவைப்படலாம், மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று அவர் சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு. தனியாரில் அந்த வார்த்தை கிடைப்பது அரிது.

போகும்போது பழைய ஈ.சி.ஜி., எக்கோ ரிப்போர்ட், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். எத்தனை படி ஏறினால் வலிக்கிறது, எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். நம் ஊர் அப்பாக்கள் டாக்டரைப் பார்த்ததும் "ஒன்றுமில்லை சார், நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிடுவார்கள், ராணுவத்தில் இருந்தவர்கள் இன்னும் மோசம். நீங்கள் கூடவே உள்ளே போங்கள். ஆஞ்சியோ வேண்டும், இங்கே வசதியில்லை அல்லது இப்போது இடமில்லை என்றால், அதை ஸ்பெஷலிஸ்ட் கையால் எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டோடு பாலிகிளினிக் போனால் பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கு ரெஃபரல் போடுவார்கள். எந்த மருத்துவமனை என்று தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. அங்கே போங்கள், இங்கே போங்கள் என்று கவுண்டரில் இருப்பவரோ வாசலில் நிற்பவரோ சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வடசென்னையில் இருப்பவர் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ளதையே கேளுங்கள், ஆஞ்சியோவுக்குப் பிறகும் பலமுறை போக வேண்டியிருக்கும். ரெஃபரல் வாங்க ஒரு பைசா செலவு கிடையாது. ஹவில்தாருக்கு உரியது பொது வார்டு. "கொஞ்சம் கட்டினால் தனி அறை" என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள், அந்த வித்தியாசத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. கொடுங்கையூரிலிருந்து நெஞ்சுவலிக்காரர் சென்ட்ரல் வந்து மெட்ரோ பிடித்துப் பரங்கிமலை போய், அங்கே ஒரு சீட்டு வாங்கி, அதை மறுபடி பாலிகிளினிக்கில் கொடுத்து, இன்னொரு சீட்டு வாங்கி மூன்றாவது இடத்துக்குப் போக வேண்டும். இரண்டு அலுவலகமும் ஒரே அமைச்சகத்தின் கீழ் இருக்கின்றன. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டிய தகவலை 66 வயது நோயாளி சட்டைப்பையில் சுமந்துகொண்டு அலைகிறார். எண்ணூர், மணலி பக்கம் இருப்பவர்கள் கன்டெய்னர் லாரி வரிசையைத் தாண்டி வருவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடும். அரசு தர வேண்டிய பணம் தாமதமாவதால், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளிலும் சில "ஈ.சி.எச்.எஸ். படுக்கை காலியில்லை" என்று கையை விரிக்கின்றன. புரோக்கர் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான். இதைச் சரிசெய்தால் அவர்கள் தானாகக் காணாமல் போவார்கள். அதுவரை உங்களைப் போன்ற பிள்ளைகள்தான் அப்பாவுக்காக அந்தக் காகிதத்தைச் சுமக்க வேண்டும். அவரை ஒரு இடத்தில் உட்கார வைத்துவிட்டு வரிசையில் நீங்கள் நில்லுங்கள். ரெஃபரல் கையில் இருந்தும் படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பினால், யார் எப்போது சொன்னார் என்று குறித்துக்கொண்டு, பாலிகிளினிக் பொறுப்பு அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். அங்கே நகரவில்லை என்றால் ஈ.சி.எச்.எஸ். சென்னை மண்டல மையத்துக்கு எழுதுங்கள். அதற்கும் மேலே மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளமான சி.பி.கிராம்ஸில் புகார் போடலாம், வீட்டிலிருந்தே போனில் செய்துவிடலாம். வாய்ப் பேச்சாகச் சொன்ன புகார் எங்கும் பதிவாகாது.

எழுதிக் கொடுத்த மாத்திரை பாலிகிளினிக்கில் இல்லை என்றால், இல்லை என்று சீட்டில் குறித்து முத்திரை வாங்கிய பிறகே வெளியே வாங்குங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். முத்திரை இல்லாமல் வாங்கினால் அந்தப் பணம் திரும்ப வராது. மாத்திரையை மட்டும் ஒருவேளைகூட விடாதீர்கள், கையில் காசு கொடுத்தாவது வாங்கிக் கொடுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இதய சிகிச்சைக்கு ஈ.சி.எச்.எஸ். பட்டியலில் எந்த மருத்துவமனைகள் இருக்கின்றன என்று பாலிகிளினிக் அறிவிப்புப் பலகையில் பார்த்து, அவசரப் பிரிவு எண்ணோடு எழுதி, கார்டு நகலோடு சேர்த்து அம்மாவிடம் கொடுத்து வையுங்கள். பட்டியல் அவ்வப்போது மாறும், அதனால் சில மாதத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள். வலி வரும் நேரத்தில் நீங்கள் வீட்டில் இல்லாமல் போகலாம்.