பக்கத்து சீட்டுக்காரர்

டெட்ராய்ட்டுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, ஆபீஸில் பிஸ்டன்ஸ் பேஸ்கட்பால் மேட்சுக்குக் கூப்பிடுகிறார்கள், ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் அடித்துக்கொள்ளும் பழைய வீடியோவைப் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது, போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள் தம்பி. டிக்கெட், பார்க்கிங், எந்த ஜாக்கெட் என்பதையெல்லாம் கூட வருபவர்களே சொல்வார்கள்.

அந்த வீடியோ 2004 நவம்பர் 19, வெள்ளிக்கிழமை ராத்திரி. நான் வந்து ஆறு வாரம். ட்ராய் என்ற ஊரில் நாலு பேர் ஒரே அபார்ட்மெண்ட். கட்டில்கூடக் கிடையாது, தரையில் கம்பளி விரித்து டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். ஆட்டம் பக்கத்து ஊரான ஆபர்ன் ஹில்ஸில், பேலஸ் அரங்கத்தில். இந்தியானா பேசர்ஸ் 97-82 என்று முன்னால் இருந்தார்கள், மிச்சம் 45.9 விநாடி. கூடைக்கு எழும்பிய பிஸ்டன்ஸின் பென் வாலஸை பேசர்ஸின் ரான் ஆர்டெஸ்ட் அடித்து ஃபவுல் செய்ய, வாலஸ் திரும்பி அவரைத் தள்ளினார். தள்ளுமுள்ளு ஓய்கிற நேரம், ஆர்டெஸ்ட் ஸ்கோர் மேஜைமேல் மல்லாந்து படுத்திருந்தார். ரசிகர் பக்கமிருந்து ஒரு கப் பறந்து வந்து அவர்மேல் விழுந்தது. மனிதர் எழுந்து சீட்டுகளைத் தாண்டி ஏறி ஒருவரைப் பிடித்தார். கப்பை எறிந்தவரை இல்லை தம்பி, பக்கத்தில் இருந்தவரை!

ஆர்டெஸ்டுக்கு பிளேஆஃப் என்கிற இறுதிக்கட்ட ஆட்டங்களையும் சேர்த்து 86 ஆட்டம் தடையில் போனது. கப்பை எறிந்தவருக்கு 30 நாள் ஜெயில். இன்னொரு பேசர்ஸ் ஆட்டக்காரரான ஜெர்மெய்ன் ஓநீலின் 25 ஆட்டத் தடை முறையீட்டில் 15 ஆகக் குறைந்தது, அவர்களுக்குப் பேச யூனியன் இருந்தது. நமக்கு யார் இருக்கிறார்கள்? பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் போகும்போது படிவத்தில் எப்போதாவது கைதானதுண்டா என்று ஒரு கேள்வி வரும். கேஸ் தள்ளுபடியானாலும் ஆம் என்றுதான் எழுத வேண்டும்.

நம்மவர்கள் சிலரை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வரும். கூட்டமாகப் போய், தமிழ் யாருக்குத் தெரியும் என்று முன் வரிசைக்காரனைத் திட்டுவது. வார்த்தை புரியாவிட்டால் என்ன, குரல் புரியாதா? நான் வந்த இரண்டாம் வருடம் இதே பேலஸில் எங்கள் கூட்டத்தில் ஒருவன் இரண்டு பீர் உள்ளே போனதும் அப்படி ஆரம்பித்தான். முன்னால் இருந்தவர் எழுந்து திரும்பினார். நான் பேசாமல் படியேறி, பாப்கார்ன் கடை ஓரமாகப் போய் நின்றுகொண்டேன். நீங்களும் அதையே செய்யுங்கள். சமாதானம் பேசக்கூட நிற்காதீர்கள். செக்யூரிட்டி வந்து அவனையும், வாயே திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் ரூம்மேட்டையும் சேர்த்து வெளியே அனுப்பினார்கள். நல்லவேளை, போலீஸ் வரை போகவில்லை.

பேலஸை 2020-ல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். இப்போது ஆட்டமெல்லாம் டவுன்டவுனில். மகளோடு போகிறேன், எதிரணி நல்ல ஷாட் போட்டாலும் இரண்டு பேரும் கை தட்டுவோம். ஆனால் ரூம்மேட்டை வெளியே அனுப்பிய அந்த ராத்திரி கண்ணிலேயே நிற்கிறது. சீட்டில் கிடந்த அவன் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு பார்க்கிங்குக்கு ஓடினேன். பனி கொட்டுகிறது, முழுக்கைச் சட்டையோடு கார் கதவில் சாய்ந்து நின்றிருந்தான். "நான் ஒண்ணுமே சொல்லலையேடா" என்றான்.